உலர்கண்: சொட்டு மருந்துக்கு முன் இமையைப் பாருங்கள்

கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூருக்கு தினமும் பைக்கில் வேலைக்குப் போய்வருகிறவர்களைக் கேட்டால், "காத்து பட்டா போதும், கண்ணுல தண்ணியா ஊத்துதுங்க" என்பார்கள். இது உலர்கண்ணாக இருக்கலாம் என்றால் நம்ப மாட்டார்கள். தண்ணீர் வழிகிற கண் எப்படி உலர்ந்த கண்ணாகும் என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் தெரிந்துகொண்டால் இந்த நோயில் பாதி புரிந்துவிடும், மெடிக்கலில் வீணாகும் காசும் மிச்சமாகும்.

கண்ணீரில் தண்ணீர் மட்டும் இல்லை. கருவிழியை ஒட்டினாற்போல் சளி போன்ற வழவழப்பான பொருள் இருக்கிறது. கண்ணீர் விழியில் ஒட்டிப் பரவ அதுதான் உதவுகிறது. அதோடு கலந்து தண்ணீர். இவற்றின் மேல் மிக மெல்லிய எண்ணெய்ப் படலம். தண்ணீர் ஆவியாகிப் போகாமல் காப்பது இந்த எண்ணெய். இது குறைந்துபோனால், கண்ணில் எவ்வளவு நீர் சுரந்தாலும் நிற்காது. விழியின் மேல் திட்டுத்திட்டாகக் காய்ந்து, அந்த இடத்தில் நரம்பு நுனிகள் உறுத்தும். உறுத்தல் தெரிந்ததும் மேல் இமைக்குள் இருக்கும் பெரிய கண்ணீர்ச் சுரப்பி அவசரமாகத் தண்ணீரைக் கொட்டுகிறது. எண்ணெய் சரியில்லாததால் அந்தத் தண்ணீர் விழியில் தங்காமல் கன்னத்தில் வழிந்து போய்விடுகிறது. கண் நனைந்திருந்தும் காய்ந்துபோவது இப்படித்தான்.

அந்த எண்ணெயைத் தருபவை மெய்போமியன் சுரப்பிகள். மேல் இமையில் சுமார் 30 முதல் 40, கீழ் இமையில் 20 முதல் 30 வரை, இமையின் உள்ளே செங்குத்தாக வரிசையாக இருக்கும். அவற்றின் வாய் இமை விளிம்பில், முடி முளைக்கும் வரிசைக்குச் சற்று உள்ளே திறக்கும். உலர்கண் நோயாளிகளில் பெரும்பாலானோருக்குக் கோளாறு இங்கேதான். கண்ணீர் குறைவாகச் சுரப்பது மட்டுமே காரணமாக இருப்பவர்கள் அவர்களைவிடக் குறைவு. ஆனால் கடையில் விற்கும் சொட்டு மருந்துகளில் பெரும்பாலானவை தண்ணீர்ப் பங்கைத்தான் ஈடுகட்டுகின்றன. மாதக்கணக்கில் சொட்டு போட்டும் "விட்டா மறுபடி எரியுது" என்று பலர் சொல்வதற்கு இதுதான் காரணம்.

நல்ல வெளிச்சத்தில் கண்ணாடி முன் நின்று கீழ் இமையை லேசாக வெளிப்பக்கம் சாய்த்துப் பாருங்கள். ஆரோக்கியமான விளிம்பு ஒரே சீராக, ஈரமாக, இளஞ்சிவப்பாக இருக்கும். கோளாறு உள்ள விளிம்பு தடித்துச் சிவந்திருக்கும், மெல்லிய ரத்தக் கோடுகள் ஓடும், சுரப்பி வாய்களில் சின்னச் சின்ன வெள்ளை மூடிகள் தெரியும். கண் மருத்துவர் விளிம்பை விரலால் அழுத்திப் பார்ப்பதும் இதற்காகத்தான். நல்ல சுரப்பியிலிருந்து உருக்கிய நெய் போலத் தெளிவாக எண்ணெய் எட்டிப் பார்க்கும். அடைபட்ட சுரப்பியிலிருந்து மார்கழியில் உறைந்த நெய் போலக் கெட்டியாக, மஞ்சள் நிறத்தில் வரும், அல்லது ஒன்றுமே வராது. நீண்ட நாள் அடைப்பில் சுரப்பியே சுருங்கி அழிந்துவிடும். அழிந்தது திரும்ப முளைப்பதில்லை. அதனால்தான் "கண் எரிச்சல்தானே" என்று வருடக்கணக்கில் தள்ளிப்போடக் கூடாது என்று திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இமை முடியின் அடியில் பொடுகு போல, முடியைச் சுற்றி வளையமாக ஒட்டியிருந்தால் அது வேறு. டெமோடெக்ஸ் என்ற கண்ணுக்குத் தெரியாத பூச்சி முடி வேரில் பெருகியிருப்பதன் அடையாளம் அது. காலையில் எழுந்ததும் இமையில் அரிப்பு அதிகமாக இருக்கும். இதற்குத் தேயிலை மர எண்ணெய் (டீ ட்ரீ ஆயில்) சேர்த்த இமைத் துடைப்பான்கள் கிடைக்கின்றன. பாட்டிலில் வரும் சுத்தமான தேயிலை மர எண்ணெயை யாரும் நேரடியாக இமையில் தடவிவிடாதீர்கள், கருவிழி வெந்துவிடும்.

நம்ம பக்கத்தில் இந்த நோய்க்குத் தூண்டுதல் நிறைய. பங்குனி, சித்திரையில் தர்மபுரியில் வீசும் வறண்ட அனல்காற்று ஒன்று. மார்கழி, தையில் தளி, தேன்கனிக்கோட்டை பக்கம் பைக்கில் போகும்போது முகத்தில் அறையும் குளிர்காற்று இன்னொன்று. கிரானைட் பட்டறைகளில் கல் அறுப்பவர்களுக்கும் பாலிஷ் போடுபவர்களுக்கும் தூசி. பட்டுக்கூட்டிலிருந்து இழை எடுப்பவர்கள், தையல் மிஷின் முன் உட்காருபவர்கள், தோப்பூர் கணவாய் வழியே இரவில் லாரி ஓட்டுபவர்கள் ஆகியோருக்குத் தூசியைவிட வேறொரு காரணம் முக்கியம்: கண் சிமிட்டல் குறைவது.

சும்மா இருக்கும்போது நாம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 15 முறை சிமிட்டுகிறோம். நுணுக்கமான வேலையிலோ செல்போனிலோ கண்ணைப் பதித்துவிட்டால் அது பாதிக்கும் கீழே இறங்கிவிடும். எண்ணிக்கை குறைவதைவிட மோசமானது, சிமிட்டல் அரைகுறையாகிவிடுவது. மேல் இமை கீழ் இமையைத் தொடும் வரை வந்தால்தான் சுரப்பிகள் அழுத்தப்பட்டு எண்ணெய் வெளியே வரும். பாதி வழியில் திரும்பிவிட்டால் எண்ணெய் உள்ளேயே தேங்கிக் கெட்டியாகும், கருவிழியின் கீழ்ப் பாதியும் காயும். மாலை ஆக ஆக எரிச்சல் கூடுகிறதா, எழுத்து மங்கி, நன்றாக ஒருமுறை சிமிட்டியதும் தெளிவாகிறதா? இது உலர்கண்ணுக்கே உரிய அறிகுறி. கண்ணாடி பவர் மாறியதாக நினைத்து அடிக்கடி புதுக் கண்ணாடி வாங்குபவர்கள் முதலில் இதைக் கவனியுங்கள்.

எல்லா எரிச்சலும் உலர்கண் இல்லை. எரிச்சல், கரகரப்பு, கனம் என்றால் உலர்கண் பக்கம் சாயலாம். அரிப்பு தாங்காமல் கசக்கத் தோன்றினால், குறிப்பாக வெயில் காலத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கு வந்தால், அது ஒவ்வாமையாக இருக்கலாம். காலையில் கண்ணைத் திறக்க முடியாமல் பீளை ஒட்டியிருந்தால் கிருமித் தொற்று. இரண்டு மூன்று சேர்ந்தும் வரும், அதனால் தானாக முடிவு கட்ட வேண்டாம்.

மருத்துவரிடம் போனால் இரண்டு எளிய சோதனைகள் பெரும்பாலும் நடக்கும். ஒன்றில், ஃப்ளோரசின் என்ற ஆரஞ்சு மஞ்சள் சாயம் தோய்த்த தாளால் கண்ணைத் தொட்டு, நன்றாகச் சிமிட்டச் சொல்லி, பிறகு சிமிட்டாமல் இருக்கச் சொல்வார்கள். நீல வெளிச்சத்தில் பச்சையாக ஒளிரும் கண்ணீர்ப் படலத்தில் முதல் கரும்புள்ளி எத்தனை நொடியில் தோன்றுகிறது என்று பார்ப்பார்கள். 10 நொடிக்குள் உடைந்தால் படலம் சரியில்லை. 5 நொடிக்குள் உடைந்தால் சந்தேகமே இல்லை. கருவிழியில் காய்ந்து புண்ணான இடங்களும் அதே சாயத்தில் பச்சைப் புள்ளிகளாகத் தெரியும்.

மற்றது ஷிர்மர் சோதனை. 5 மில்லிமீட்டர் அகலம், 35 மில்லிமீட்டர் நீளமுள்ள வடிதாளின் நுனியை மடித்து, கீழ் இமையின் வெளிப்பக்க மூன்றில் ஒரு பங்கு இடத்தில் மாட்டி, 5 நிமிடம் கழித்து எவ்வளவு தூரம் நனைந்திருக்கிறது என்று அளப்பார்கள். மரத்துப்போக மருந்து போடாமல் செய்யும்போது 10 மில்லிமீட்டருக்கு மேல் நனைந்தால் பயமில்லை. 5 அல்லது அதற்கும் கீழே என்றால் தண்ணீரே குறைவு என்று பொருள். தாள் கண்ணைத் தொட்டாலே நீர் பெருகிவிடும் என்பதால் சாயச் சோதனையை முதலில் முடித்துவிடுவது நல்லது. எண்ணெய்க் கோளாறா, தண்ணீர்க் குறைவா, இரண்டுமா என்பது இந்த இரண்டிலும் ஓரளவு பிரிந்து தெரியும். மருத்துவம் அதைப் பொறுத்துத்தான்.

எண்ணெய் அடைப்புக்கு முதல் மருத்துவம் வெந்நீர் ஒத்தடம். காசில்லாத வைத்தியம் என்பதாலோ என்னவோ இதை யாரும் ஒழுங்காகச் செய்வதில்லை. ஒரு முறை துணியை நனைத்துக் கண்மேல் போட்டுக்கொண்டு பத்து நிமிடம் படுத்திருப்பதுதான் பொதுவாக நடக்கும் தவறு. நனைத்த துணி இரண்டு நிமிடத்தில் ஆறிவிடும், மிச்ச எட்டு நிமிடமும் வெறும் ஈரத்துணிதான். சுரப்பிக்குள் உறைந்திருப்பது இளக, இமையின் உட்பக்கம் 40 டிகிரி அளவுக்குச் சூடேற வேண்டும், அந்தச் சூடு சில நிமிடம் நிற்கவும் வேண்டும்.

கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கான்டாக்ட் லென்ஸ் போட்டிருந்தால் கழற்றிவிடுங்கள். மூடி போட்ட தூக்குவாளியில் வெந்நீர் எடுத்துக்கொண்டால் சூடு சீக்கிரம் ஆறாது. இரண்டு சின்னத் துண்டுகள் வேண்டும். ஒன்று கண்மேல் இருக்கும்போது மற்றது தண்ணீரில் இருக்கட்டும். துண்டைப் பிழிந்து உள்மணிக்கட்டில் வைத்துப் பாருங்கள். சுகமான சூடாக இருக்க வேண்டும், கையை இழுத்துக்கொள்ளும்படி இருக்கக் கூடாது. நான்காக மடித்து மூடிய இரண்டு இமைகளின் மேலும் வைத்து, ஒன்றரை, இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை துண்டை மாற்றுங்கள். மொத்தம் எட்டிலிருந்து பத்து நிமிடம். கண்ணை அழுத்த வேண்டாம், துண்டின் கனமே போதும். சர்க்கரை நோயால் விரல்கள் மரத்துப்போனவர்கள் சூட்டை வீட்டில் வேறொருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். இமைத் தோல் மிக மெல்லியது, எளிதில் வெந்துவிடும்.

ஒத்தடம் முடிந்த உடனே, எண்ணெய் இளகியிருக்கும்போதே, நீவிவிட வேண்டும். மேலே பார்த்துக்கொண்டு கீழ் இமையைக் கீழிருந்து முடி வரிசை நோக்கி, கீழே பார்த்துக்கொண்டு மேல் இமையை மேலிருந்து கீழாக, விரல் நுனியால் மெதுவாக. ஒவ்வோர் இமைக்கும் நான்கைந்து முறை போதும். விழியை அமுக்கிவிடக் கூடாது. பிறகு கொதித்து ஆறிய தண்ணீரில் நனைத்த சுத்தமான பஞ்சால், அல்லது மருத்துவர் சொன்ன இமைத் துடைப்பானால், கண்ணை மூடிக்கொண்டு விளிம்பை ஓரத்திலிருந்து ஓரம் துடையுங்கள். ஒரு கண்ணுக்குப் பயன்படுத்திய பஞ்சு மறு கண்ணுக்கு வேண்டாம். கண் மை போடுகிறவர்கள் விளிம்பின் உள்பக்கம் தீட்டுவதை நிறுத்த வேண்டும். அங்கேதான் சுரப்பி வாய் இருக்கிறது. முதல் மாதம் காலை, இரவு இரண்டு வேளை, பிறகு ஒரு வேளை. செய்த அன்றே பலன் தெரியாது, மூன்று நான்கு வாரம் ஆகும். முடிவு தெரியுமுன் விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம்.

சொட்டு மருந்துக்கு வருவோம். செயற்கைக் கண்ணீர் என்று விற்பவற்றில் கார்பாக்சி மெத்தில் செல்லுலோஸ் 0.5 சதவீதம், ஹைட்ரோமெல்லோஸ் 0.3 சதவீதம், சோடியம் ஹையலூரோனேட் 0.1 சதவீதம் போன்றவை இருக்கும். அட்டையில் பிராண்ட் பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் இருப்பதைப் படியுங்கள். செறிவு கூடக்கூட மருந்து கண்ணில் அதிக நேரம் நிற்கும், பார்வையும் சற்று நேரம் மங்கும். 1 சதவீத மருந்தும் ஜெல்லும் படுக்கப்போகும்போதுதான் பொருத்தம், அதைப் போட்டுக்கொண்டு வண்டி எடுக்காதீர்கள். எண்ணெய்க் குறைவு உள்ளவர்களுக்கு எண்ணெய் கலந்த பால் நிறச் சொட்டுகள் கிடைக்கின்றன, மருத்துவரிடம் கேளுங்கள்.

அதே சின்ன எழுத்தில் பென்சால்கோனியம் குளோரைடு என்று இருந்தால் கவனம் தேவை. பாட்டிலில் கிருமி வளராமல் இருக்கச் சேர்ப்பது அது. ஒரு நாளைக்கு நான்கு முறைக்கு மேல் போட வேண்டியிருந்தால் அதுவே விழியின் மேல்தோலை அரிக்கத் தொடங்கும். எரிச்சலுக்கென்று போடும் மருந்தே எரிச்சலை வளர்க்கும். அடிக்கடி போடுகிறவர்கள் பாதுகாப்புப் பொருள் சேர்க்காத மருந்துக்கு மாறுங்கள். ஒற்றை வேளைக் குப்பிகளாகவோ தனி வகை பாட்டிலாகவோ வரும், விலை கூடுதல்தான், ஆனாலும் அவசியம். சாதாரணப் பாட்டிலைத் திறந்த தேதியை அதன் மேலேயே எழுதிவையுங்கள். ஒரு மாதம் ஆனால் மிச்சமிருந்தாலும் தூக்கிப் போட்டுவிட வேண்டும். வீட்டில் எல்லாருக்கும் ஒரே பாட்டில் என்பது கூடவே கூடாது.

ஒரு வேளைக்கு ஒரு சொட்டுதான். கண்ணில் இயல்பாக இருக்கும் கண்ணீர் சுமார் 7 மைக்ரோலிட்டர். கண் அதிகபட்சம் தாங்குவது 30 மைக்ரோலிட்டர் அளவு. ஒரு சொட்டே 30 முதல் 50 வரை இருக்கும். இரண்டாவது சொட்டு கன்னத்துக்குத்தான் போகும். கீழ் இமையை இழுத்து அந்தப் பையில் விட்டு, பாட்டில் நுனி முடியில் படாமல் எடுத்து, ஒரு நிமிடம் கண்ணை மெதுவாக மூடியிருங்கள். மூக்கை ஒட்டிய கண் மூலையை விரலால் லேசாக அழுத்திக்கொண்டால் மருந்து மூக்குக்குள் வடியாது. வேறொரு மருந்தும் போட வேண்டுமானால் ஐந்து நிமிடம் விட்டுப் போடுங்கள். ஜெல் கடைசியில்.

இப்போது மிக முக்கியமான எச்சரிக்கை. மெடிக்கலில் போய் "கண்ணு செவந்து இருக்கு, ஏதாவது குடுங்க" என்றால் சில இடங்களில் கையில் கிடைப்பது ஸ்டீராய்டு கலந்த சொட்டு. டெக்ஸாமெத்தசோன், பீட்டாமெத்தசோன், பிரெட்னிசோலோன் என்று அட்டையில் இருந்தால் அதுதான். ஒரே நாளில் சிவப்பு போய்விடும், அதனால் நம்பிக்கை வந்து அதையே மாதக்கணக்கில் வாங்கிப் போடுவார்கள். சிலருக்குக் கண்ணின் உள் அழுத்தம் சத்தமில்லாமல் ஏறி, பார்வை நரம்பு பட்டுப்போகும். அந்தப் பார்வை திரும்பாது. கண்புரையும் சீக்கிரம் வரும். ஸ்டீராய்டு கெட்ட மருந்து இல்லை, உலர்கண்ணில் வீக்கம் அதிகமிருந்தால் மருத்துவரே சில வாரத்துக்கு எழுதுவார். ஆனால் அழுத்தத்தை அளந்து பார்த்துக்கொண்டு கொடுப்பார், நிறுத்தும் தேதியும் சொல்வார். நாஃபசோலின் கலந்த, சிவப்பை மட்டும் போக்கும் சொட்டுகளும் வேண்டாம். விட்டதும் முன்னைவிட அதிகமாகச் சிவக்கும்.

விளக்கெண்ணெய், தாய்ப்பால், தேன், பன்னீர், நந்தியாவட்டைப் பூச்சாறு எல்லாமே நம் ஊர்களில் கண்ணில் விடப்படுகின்றன. சூட்டுக்கு நல்லது என்று அன்போடுதான் சொல்கிறார்கள். காய்ந்த கண்ணின் மேல்தோல் ஏற்கெனவே புள்ளிப்புள்ளியாக உரிந்திருக்கும், கிருமி நுழைய அதுவே வாசல். வீட்டுப் பொருள் எதுவும் கிருமி நீக்கியது அல்ல. நெல் அடிக்கும்போதோ சோளத்தட்டு அறுக்கும்போதோ கண்ணில் இலை, தாள் பட்டிருந்தால் இன்னும் ஆபத்து. பூஞ்சைத் தொற்று வந்து கருவிழியில் வெள்ளைப் புள்ளி விழும். அதன் மேல் ஸ்டீராய்டும் போட்டுவிட்டால் கண்ணே போகக்கூடும். வலி அதிகமாகி, வெளிச்சம் பார்க்க முடியாமல், பார்வை குறைந்து, கருவிழியில் வெள்ளையாக ஏதாவது தெரிந்தால் அன்றே கண் மருத்துவரிடம் போய்விடுங்கள். தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டிலுமே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது.

வேலை இடத்தில் செய்யக்கூடியவை எளியவை. கல் பட்டறையில் பக்கவாட்டிலும் மூடிய கண்ணாடி. தூசி விழுந்தால் கசக்காமல் சுத்தமான குடிநீரால் கழுவுவது. பைக்கில் ஹெல்மெட் வைசரை இறக்கிவிடுவது. காரில் ஏசி காற்றை முகத்துக்கு நேரே வைக்காமல் காலுக்குத் திருப்புவது. டேபிள் ஃபேனை முகத்துக்கு நேராக வைத்துத் தூங்காதிருப்பது. சிலர் தூங்கும்போது இமை முழுதாக மூடாது. வீட்டில் ஒருவரை இரவில் பார்க்கச் சொன்னால் வெள்ளை விழி தெரிகிறதா என்று சொல்லிவிடுவார்கள். காலையில் எழுந்ததுமே எரிச்சல் அதிகம் என்பவர்கள் இதைக் கட்டாயம் பாருங்கள். கம்ப்யூட்டர் திரையும் செல்போனும் கண் மட்டத்துக்குக் கீழே இருந்தால் இமை சற்று இறங்கி, விழி காற்றில் படும் பரப்பு குறையும். 20 நிமிடத்துக்கு ஒருமுறை தூரத்தில் பார்ப்பதோடு, இரண்டு நொடி முழுதாக மூடி, இறுக்கி, திறப்பதை ஐந்து முறை செய்யுங்கள். குளிர்ந்த தண்ணீரைத் திறந்த கண்ணில் அடித்துக் கழுவுவது அந்த நேரத்துக்கு இதம் தரும், ஆனால் இருக்கிற எண்ணெயையும் கழுவிக்கொண்டு போய்விடும்.

மீன் எண்ணெய் மாத்திரைக்கு நிறையப் பேர் செலவு செய்கிறார்கள். அமெரிக்காவில் 535 உலர்கண் நோயாளிகளை வைத்து நடந்து 2018-ல் வெளியான ஆய்வில், ஒரு பிரிவினருக்கு நாளைக்கு 3000 மில்லிகிராம் ஒமேகா-3 (மீன் எண்ணெயில் இருக்கும் கொழுப்பு), மற்றவர்களுக்கு ஆலிவ் எண்ணெய் என ஓராண்டு கொடுத்துப் பார்த்தார்கள். இரு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவுதான் குணம் தெரிந்தது. மீன் குழம்பு சாப்பிடுங்கள், நல்லதுதான். மாத்திரைக்குக் கொடுக்கும் காசைப் பாதுகாப்புப் பொருள் இல்லாத சொட்டுக்குச் செலவழிப்பது மேல் என்பது என் கருத்து.

ஒத்தடமும் சொட்டும் போதாதவர்களுக்கு மருத்துவர் சைக்ளோஸ்போரின் 0.05 சதவீதச் சொட்டு எழுதலாம். கண்ணின் மேற்பரப்பில் ஓயாமல் இருக்கும் அழற்சியைத் தணிப்பது அது. போட்டதும் எரியும், பலன் தெரிய ஒன்றிலிருந்து மூன்று மாதம், சிலருக்கு ஆறு மாதம்கூட ஆகும். முதல் வாரமே "எரியுது" என்று நிறுத்திவிட்டால் மருந்து வேலை செய்யவே வாய்ப்பில்லை. எண்ணெய்ச் சுரப்பி வீக்கத்துக்கு டாக்சிசைக்ளின் மாத்திரை தருவதுண்டு. கர்ப்பிணிகளுக்கும் எட்டு வயதுக்குக் கீழுள்ள பிள்ளைகளுக்கும் அது ஆகாது. நிறையத் தண்ணீரோடு விழுங்கி, உடனே படுக்காமல் இருக்க வேண்டும். தண்ணீரே குறைவாகச் சுரப்பவர்களுக்குக் கண் மூலையில் கண்ணீர் வடியும் துளையைச் சின்ன அடைப்பான் வைத்து மூடுவார்கள். அழற்சியை அடக்காமல் துளையை மூடினால் அழற்சிப் பொருள்களும் சேர்ந்தே தேங்கும், அதனால் அது முதல் படியாக இருக்கக் கூடாது.

கண்ணோடு வாயும் வறண்டு, தண்ணீர் குடிக்காமல் களியோ சோறோ விழுங்க முடியவில்லை, மூட்டும் வலிக்கிறது என்றால், குறிப்பாக நாற்பது வயதைத் தாண்டிய பெண்களுக்கு, ஷோகிரன் நோய் இருக்கிறதா என்று ரத்தப் பரிசோதனை செய்து பார்க்க வேண்டும். உடலின் எதிர்ப்புச் சக்தியே சுரப்பிகளைத் தாக்கும் நோய் அது, கண்ணுக்கு மட்டும் மருந்து போட்டால் தீராது. சின்னப் பிள்ளைகளின் கண் வறண்டு, மாலையில் தட்டுத்தடுமாறினால் வைட்டமின் ஏ குறைவு. 9-ஆம் மாதத்தில் 1 லட்சம் யூனிட்டும், ஒன்றரை வயதிலிருந்து 6 மாதத்துக்கு ஒருமுறை 2 லட்சம் யூனிட்டுமாக 5 வயது வரை அரசு இலவசமாகத் தருகிறது. விட்டுப்போயிருந்தால் கிராமச் செவிலியரிடம் கேளுங்கள்.

கண்புரை அறுவைக்குக் காத்திருப்பவர்களும் எரிச்சல் இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். உள்ளே வைக்கும் லென்ஸின் பவரைக் கருவிழியின் வளைவை அளந்துதான் கணக்கிடுகிறார்கள். காய்ந்த விழியில் அந்த அளவு தப்பாக வரும். சில வாரம் உலர்கண்ணுக்கு மருத்துவம் செய்துவிட்டு அளப்பதே சரி.

பரிசோதனைக்குப் போகும் நாளில் இரண்டு மணி நேரம் முன்பிருந்தே எந்தச் சொட்டும் போடாதீர்கள், அளவு மாறிவிடும். சாப்பிடும் மாத்திரை அட்டைகள் எல்லாவற்றையும் ஒரு பையில் எடுத்துப்போங்கள். சளிக்குப் போடும் செட்ரிசின், தூக்கத்துக்கும் நரம்பு வலிக்கும் கொடுக்கும் அமிட்ரிப்டிலின், முகப்பருவுக்கான ஐசோட்ரெடினாயின், நீர் பிரியக் கொடுக்கும் ரத்த அழுத்த மாத்திரை, கண் அழுத்தத்துக்கான சொட்டு ஆகியவை கண்ணை உலர்த்தக்கூடியவை. நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம். பையைக் கொட்டிக் காட்டுங்கள், மாற்றக்கூடியதை மருத்துவர் மாற்றித் தருவார். இதுவரை கண்ணில் விட்ட பாட்டில்களையும், காலியானதாக இருந்தாலும், சேர்த்தே எடுத்துப்போங்கள்.